நாற்பத்தொரு பேருக்கு ஒரு பெட்டி

இடுக்கி ஜில்லாவில் இன்றைக்கு ஒரு முழம் தண்டவாளம் கிடையாது. ஏறினால் ஜீப், இறங்கினால் அரசாங்க பஸ், அவ்வளவுதான். அந்த ஜில்லாவில் பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதில் பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு லயம். அங்கே பிறந்து வளர்ந்த கத்தரீனாள்தான் இப்போது பாலக்காட்டில் உட்கார்ந்துகொண்டு எந்த ரயிலுக்கு எந்தப் பெட்டி என்று ஒதுக்குகிறாள். கடவுளுக்கு விளையாட்டுப் புத்தி உண்டு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

வயது முப்பத்தாறு. வேலையில் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். புருஷன், பிள்ளைகள், ரயில்வே குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. இந்தக் கதைக்கு அவர்கள் தேவைப்பட மாட்டார்கள்.

ரயில் என்றால் அது ஒரே உடம்பாகப் பிறந்து வந்தது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியெல்லாம் இல்லை. இருபது பெட்டியும் இருபது ஜாதகம். ஒன்றுக்கு ஒர்க்‌ஷாப் போகிற தேதி வந்திருக்கும், ஒன்றுக்கு பிரேக் பிடித்தால் விடாது, ஒன்று நேற்றுவரை நன்றாக ஓடிவிட்டு இன்றைக்கு முடியாமல் படுத்துவிடும். படுத்துவிட்ட பெட்டியை ரயில்வேயில் ‘சிக்’ என்றே எழுதுவார்கள். அதைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். அதற்காக யார்டில் ஒன்றிரண்டு பெட்டிகளைச் சும்மா நிறுத்தி வைத்திருப்பாள் கத்தரீனாள். பண்டிகை வந்தால் அந்த ஒன்றிரண்டின் மேல்தான் ஊர் முழுக்கக் கண். எந்த ரயிலில் காத்திருப்போர் பட்டியல் நீளமோ அதற்குத்தான் கூடுதல் பெட்டி என்பது அவள் கணக்கு. அதில் அவள் ஆள் பார்த்ததில்லை. எம்.எல்.ஏ.வின் உதவியாளர் கூப்பிட்டாலும் அதே பதில்தான்.

அடுத்த மேஜை மோகனசுந்தரத்தினுடையது. வேலந்தாவளத்துக்காரர். அரிசி, சிமென்ட், உரம் என்று சரக்குக்கு வேகன் ஒதுக்குகிறவர். “எங்கூரு மாட்டுச் சந்தை மாதிரித்தானுங்க மேடம் இதுவும். கேக்கறவன் நூறு பேரு, கட்டுத்தறியில நிக்கறது ரெண்டு” என்று நாளுக்கு ஒரு தரமாவது சொல்லிச் சிரிப்பார்.

இனி அப்பாவைப் பற்றி. சூசையப்பன் தோட்டத்தில் கவாத்து வெட்டி, மருந்தடித்து, முதுகு வளைந்து ஓய்வு பெற்றவர். லயத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு, சம்பளம் இல்லாதது. தோட்டத்துச் சனங்களுக்கு வண்டி என்றால் கொழுந்து லாரிதான். கொழுந்தை ஃபாக்டரிக்கு ஏற்றிப்போகிற அதே லாரி கல்யாணத்துக்கும் வரும், சாவுக்கும் வரும், சர்ச் திருவிழாவுக்கும் வரும். ஆனால் சும்மா வராது. தோட்டத்து ஆபீசில் ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். யார் யார் ஏறுகிறார்கள் என்று பெயர் வரிசையாக எழுதி, சர்ச் சாமியார் முத்திரையும் யூனியன் முத்திரையும் வாங்கி, அபேட்சையை அவர் முன்னால் வைத்துவிட்டு நிற்க வேண்டும். லயத்துக்காக முப்பது வருஷம் அப்படிப் போய் நின்றவர் சூசையப்பன். அவர் கண்டுகொண்ட உண்மை ஒன்றே ஒன்று. நாற்காலியில் இருக்கிற ரைட்டர் நம்ம ஆளாக இருந்தால் லாரி வரும், இல்லாவிட்டால் வராது.

இப்போது பெற்ற மகளே அந்த நாற்காலியில் இருக்கிறாள். கொழுந்து லாரி அல்ல, ரயில் பெட்டியே அவள் கையில். அவர் என்ன நினைப்பார்? “எம்மவ கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி நகரும்” என்று டீக்கடையில் சொல்வார். கத்தரீனாள் லீவில் வரும்போது அது அவள் காதிலும் விழும். அப்படியில்லை அப்பா, பெட்டியை ரயிலுக்குத்தான் கொடுக்கிறேன், ஆட்களுக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய முகத்தில் அந்த நேரத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. நேர்மையாகச் சொன்னால், அவளுக்கும் அது பிடித்திருந்தது.

அம்மா செபமாலையம்மாளுக்கு ஒரு நேர்ச்சைக் கடன் இருந்தது. கத்தரீனாள் ரயில்வே பரீட்சைக்குப் படித்த காலத்தில் அவளை மலையிறக்கி வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அன்றைக்கெல்லாம் அம்மா பாதிப் பொழுதிலேயே கொழுந்துப் பறிப்பை விட்டுவிட்டுக் கிளம்புவாள். எடை குறைந்தால் சம்பளம் குறையும். லயத்துப் பெண்கள் ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்தை எடுத்து அவள் சாக்கில் போட்டு எடையை நேராக்கி அனுப்புவார்கள். எட்டு மாதம் அப்படி ஓடியது. அப்போது வேண்டிக்கொண்டாள்: “வேளாங்கண்ணித் தாயே, எம்புள்ளைக்கு இந்த வேலை கெடைக்கட்டும். லயத்தையே கூட்டிட்டு வந்து ஒன் வாசல்ல நிக்கிறேன்.”

வேலை கிடைத்தது. நேர்ச்சை மட்டும் நின்றுபோனது. ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் வேலைநிறுத்தம், ஒரு வருஷம் லயத்திலேயே சாவு. பன்னிரண்டாவது வருஷம் செபமாலையம்மாளுக்கு வயிற்றில் கட்டி. கோட்டயத்து ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். உட்கார்ந்தால் வலி, படுத்தால் கொஞ்சம் தாங்கும். இனித் தள்ளிப்போட நாள் இல்லை என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

போன வருஷம் ஜூலை முதல் வாரம் கத்தரீனாளுக்கு ஒரு தபால் வந்தது. முழுத்தாளில் அப்பாவின் கோணல் எழுத்து. ‘மதிப்பிற்குரிய மகளுக்கு’ என்று தொடங்கி, வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்வர ஒரு பெட்டி ஒதுக்கித் தருமாறு தாழ்மையுடன் அபேட்சிக்கிறோம் என்று முடிந்தது. கீழே நாற்பத்தொரு பெயர்கள். நான்கு பேர் கைநாட்டு. சாமியார் முத்திரை, யூனியன் முத்திரை, இரண்டும் இருந்தன.

அவள் அதைப் படித்துச் சிரித்தாள், பிறகு அழுதாள். முழுப் பெட்டியையும் பணம் கட்டி எடுக்க ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. அது கல்யாணத்துக்குப் பெட்டி பிடிக்கிற பணக்காரர்களுக்கான வழி. அன்று மாலையே அப்பாவைக் கூப்பிட்டாள். முடியாது என்று சொல்லத்தான் கூப்பிட்டாள்.

“அபேட்சை வந்துச்சா தாயி?” என்றார் அவர்.

“வந்துச்சுப்பா. பாக்கிறேன்.”

அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவரே கூப்பிட்டார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பின்னால் லயத்துப் பெண்களின் சத்தம், “கத்தரி, ஜன்னல் ஓரம் எனக்கு!” என்று ஒருத்தி, சிரிப்பு. இத்தனை பேர் கேட்கும்போது எப்படிச் சொல்வது, அடுத்த ஞாயிறு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த ஞாயிறும் ஸ்பீக்கர்தான். எட்டு ஞாயிறு இப்படிப் போனது. ஆபீசில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு முடியாது என்று சொல்கிறவளுக்கு வீட்டுக்கு ஃபோன் பேசினால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

பாலக்காட்டிலிருந்து மாலை நாலு மணிக்குப் புறப்பட்டு பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாக நாகப்பட்டினம் போகும் ஒரு திருவிழா ஸ்பெஷல் அறிவித்தார்கள். டிக்கெட் திறந்த கால் மணி நேரத்தில் தீர்ந்தது. அதற்குள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு பெர்த் பிடித்துவிட்டாள். மற்றவர்கள் எப்போதும்போலக் குமுளி வழியாக பஸ்ஸில் போய்க்கொள்வார்கள், அங்கே போய் எல்லாரும் சேர்ந்து வாசலில் நின்றால் நேர்ச்சை தீர்ந்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ரயிலையும் தேதியையும் மட்டும் அப்பாவிடம் சொன்னாள், மற்றதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் அந்த ரயிலின் காத்திருப்போர் பட்டியல் நூற்றிமுப்பதைத் தாண்டியது. கணக்குப்படி அதற்கு ஒரு கூடுதல் பெட்டி கிடைக்க வேண்டும். கிடைத்தது. எழுபத்திரண்டு பெர்த்தும் வரிசையில் முன்னால் இருந்தவர்களுக்கு அன்றைக்கே போய்விட்டது. அந்த ஞாயிறு அப்பா கேட்டபோது, சொல்வதற்கு நல்லதாக ஏதோ ஒன்று கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள்.

“அந்த வண்டிக்கு ஒரு பெட்டி கூடுதலாப் போட்டாச்சுப்பா.”

ஃபோனில் கைதட்டல் கேட்டது. யாரோ மரியே வாழ்க என்று கத்தினார்கள். இப்போதாவது சொல் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. லைன் அறுந்துபோனது. திரும்பக் கூப்பிட அவளுக்கு ஒரு வாரம் முழுசாக இருந்தது. கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் முப்பது, மத்தியானம் மூன்றேகால். டூட்டியில் இருந்தாள். அப்பா கூப்பிட்டார்.

“கத்தரி, வந்துட்டோம். பிளாட்பாரத்துல நிக்கிறோம். நம்ம பெட்டி முன்னாலயா பின்னாலயா?”

“யாரு யாருப்பா வந்திருக்கீங்க?”

“யாரு யாருன்னா? நாப்பத்தொரு பேரும்தான். வேன் ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டேன்.”

யார்டில் ஒரு ஸ்லீப்பர் பெட்டி காலியாக நின்றது. துடைத்து, தண்ணீர் பிடித்து, எந்த நேரமும் போகத் தயாராக. அவசரத்துக்கு வைத்திருந்த ஒரே பெட்டி. யார்டு ஃபோனை எடுத்தாள். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. மாட்டிவிடலாம்.

“யாருக்குங்க மேடம்?” என்றார் மோகனசுந்தரம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்திருந்தார்.

அவள் சொன்னாள்.

“நீங்க எழுதுங்க, நான் கூட நிக்கறனுங்க. ஆனா ரிஜிஸ்டர்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே, அதுல என்னங்க எழுதறது? அதுவுமில்லாம அவங்க கையில டிக்கெட்டு இருக்குதுங்களா?”

கத்தரீனாள் ஃபோனை வைத்தாள்.

“போயி அப்பாவப் பாருங்க. இங்க நான் பாத்துக்கறனுங்க” என்று அவள் ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டார் அவர்.

பிளாட்பாரத்தின் நடுவில் காவித் துணியில் அவர்கள் ஒரே கூட்டமாக நின்றார்கள். அரிசி மூட்டை, அண்டா, சேலைத் துணி சுற்றிய மாதா சொரூபம். நடுவில் ஒரு மெத்தையை விரித்து அதில் செபமாலையம்மாளைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மகளைக் கண்டதும் பெண்கள், “இந்தா வந்துட்டா எங்க ஆபீசர்!” என்று கைதட்டினார்கள். இரண்டு பிடி கொழுந்து போட்ட கைகள் அவை. அந்தக் கைதட்டலின் ஊடே அவள் நடந்து போனாள். எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு நடை வாய்க்க வேண்டாம்.

அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். முதலில் அவர் சிரித்தார்.

“வெளையாடாத தாயி. நீதான பெட்டி போட்டேன்னு சொன்ன?”

“போட்டேன்ப்பா. அது வரிசையில இருந்தவங்களுக்குப் போயிருச்சு. நமக்கில்ல. ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் எடம் இருக்கு.”

சூசையப்பன் எதிரே நின்ற ரயிலின் பெட்டிகளைப் பார்த்தார். ஜன்னலோரம் யார் யாரோ உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். சட்டைப்பையில் அபேட்சையின் நகல் ஒன்றை மடித்து வைத்திருந்தார். அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“பெட்டி இல்லியாம்” என்றார்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கத்தரீனாள் தாங்கியிருப்பாள். ஒருத்தி மட்டும், “பாவம், மேல ஆபீசர் விட்டிருக்க மாட்டான், புள்ள என்ன செய்யும்” என்றாள். தன் பொய்க்கு அவர்களே ஒரு சாக்கும் கண்டுபிடித்துக் கொடுத்ததில் கத்தரீனாள் செத்துப் பிழைத்தாள்.

அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “எந்திரிம்மா. ஒனக்குப் படுக்க எடம் இருக்கு. நான் கூட்டிப்போய் ஏத்துறேன்.”

“மத்தவங்க?”

“அவங்க பஸ்ஸில வரட்டும்மா. முன்னப்பின்ன வந்து சேந்துருவாங்க.”

“இந்தக் கூட்டத்துல எந்த பஸ்ஸு? நாளைக்கழிச்சு மஸ்டர்ல பேரு குடுக்க வேலைக்குத் திரும்பணும்ல அவங்க.” செபமாலையம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “லயத்தோட வாறேன்னு சொல்லிட்டு நான் மட்டும் போயி என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன் மவளே? உங்கப்பனும் வர மாட்டாரு. அவரு கூப்பிட்டு வந்தவங்களை நடுவழியில விட்டுட்டு அவரு ஏறுவாரா?”

ஏற மாட்டார். அது கத்தரீனாளுக்கும் தெரியும்.

சிக்னல் விழ ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மா அவள் கையைப் பிடித்து எழுந்தாள். நாலு அடி நடந்து ரயிலின் பக்கம் போனாள். அறுபத்திரண்டு வயதில் அவள் ரயிலை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“எது நீ போட்ட பெட்டி?”

கத்தரீனாள் காட்டினாள். செபமாலையம்மாள் அதன் நீலத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தடவுவதுபோல ஒரு தடவு தடவினாள்.

“நல்லா இருக்கு. பெரிய பெட்டியாத்தான் போட்டிருக்க” என்றாள்.

ரயில் போனது. பதினாலு பேர் அடித்துப் பிடித்துப் பொதுப் பெட்டியில் தொற்றிக்கொண்டார்கள். அந்த இரண்டு பெர்த்தும் பொள்ளாச்சி வரை காலியாகப் போய், பிறகு யாருக்கோ கிடைத்தது. மற்றவர்கள் ஊர் திரும்ப அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். கூட வருகிறேன் என்றாள் கத்தரீனாள். “ஒனக்கு டூட்டி இருக்கும். போ” என்றார் அப்பா. ஐந்தரை மணிக்கு வேறொரு ரயிலில் ஒரு பெட்டி சிக் ஆகி, யார்டில் நின்ற அந்தக் காலிப் பெட்டி அதற்குப் போனது. எழுபத்திரண்டு பேர் நடுவழியில் நிற்காமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மோகனசுந்தரம் அதைச் சொல்லி ஆறுதல் படுத்தப் பார்த்தார். அவள் தலையாட்டினாள், ஒன்றும் ஆறவில்லை.

மூன்று பஸ் மாறி மலையேறிய பிறகு செபமாலையம்மாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்டோபரில் கோட்டயத்து ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்த்தார்கள். கத்தரீனாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி, சங்கனாசேரிப் பக்கத்து மலையாளத்தி, இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

“நீதானே ரயில்வேயில் இருக்கிற மகள்? அம்மா தினமும் சொல்லும். ஊர்க்காரர்கள் எல்லாரோடும் வேளாங்கண்ணிக்குப் போய் வந்ததாமே. மகள் தனியாக ஒரு பெட்டியே கொடுத்ததாம், போகும்போது வரும்போது படுத்துக்கொண்டே வந்ததாம். உன்னைப் பெற்றது பாக்கியம் என்று வார்டு முழுக்கப் பேச்சு.”

கத்தரீனாள் அம்மாவைப் பார்த்தாள். செபமாலையம்மாள் தூங்கவில்லை. மூடின கண்ணுக்குள் மணி உருண்டுகொண்டிருந்தது. மகளைப் பார்க்கக் கூடாது என்று இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். லயத்து வாசலில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். மூன்று மாதமாக அவர் அவளோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, பிள்ளைகள் சுகமா என்று கேட்கிற அளவுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு அவளே ஆரம்பித்தாள்.

“அப்பா, என்னை மன்னிச்சிருங்க. அந்தப் பெட்டிய என்னால குடுக்க முடியல. யார்டுல ஒண்ணு காலியாத்தான் இருந்துச்சு, ஆனா குடுக்க முடியல.”

சூசையப்பன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“பெட்டி குடுக்கலைங்கிறதுக்கா நான் வருத்தப்படுறேன்? அது எப்படிம்மா குடுப்ப? சர்க்கார் பெட்டி. அன்னைக்கு பஸ்ஸுல வாறப்பவே எனக்கு வெளங்கிருச்சு.” பீடியைப் பற்றவைக்கப் போனவர் வைக்காமலே கையில் வைத்துக்கொண்டார். “ஜூலையில உங்கம்மாவுக்குத் தெம்பு இருந்துச்சு. சர்ச்சு வரைக்கும் நடந்தா. முடியாதுப்பான்னு நீ அப்பவே சொல்லியிருந்தா, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பஸ்ஸப் பிடிச்சு, பின் சீட்டுல அவளப் படுக்க வச்சு, நாப்பத்தொரு பேரும் போயி வாசல்ல நின்னுட்டு வந்திருப்போம். அறுவத்தெட்டு வயசாகுது எனக்கு. தொரை இல்லைன்னிருக்கான், ரைட்டர் இல்லைன்னிருக்கான், டாக்டரும் இல்லைன்னுட்டான். எல்லார் வாயிலயும் கேட்டவன்தான. எம்புள்ள வாயில கேட்டா மட்டும் செத்தா போயிருப்பேன்?”

அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.